முன்னுரையால் கெட்ட வண்டி

நானோவுக்குப் பெட்ரோல் போடுவது ஒரு சின்ன நாடகம். பங்க் பையன் முதலில் வலப்பக்கம் பார்ப்பான். சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போவான். பிறகு பின்னால் போய் நின்று தலையைச் சொறிவான். "அண்ணா, டேங்க் மூடி எங்கங்ணா?" நான் இறங்கி வந்து முன்பக்க பானெட்டைத் தூக்கிக் காட்டுவேன். உள்ளே ஸ்டெப்னி டயர் படுத்திருக்கும், பெட்ரோல் மூடியும் அங்கேதான். "அப்ப எஞ்சின்?" "பின்னாடி." "ஆட்டோ மாதிரியா?" ஆமாம், ஆட்டோ மாதிரிதான். பத்து வருடமாக இந்தப் பேச்சு ஊர் ஊராக, ஏறக்குறைய இதே வார்த்தைகளில் நடக்கிறது. எனக்கு அலுத்ததில்லை.

நானோவைப் பற்றி எழுதப்பட்டவற்றை இரண்டு குவியலாகப் போட்டுவிடலாம். ஒன்று, ஏன் தோற்றது என்று வணிகம் படிப்பவர்கள் எழுதுவது. இன்னொன்று சிங்கூர். அங்கே எடுக்கப்பட்ட விவசாய நிலம், அதையொட்டிய போராட்டம், 2008-இல் ஆலை குஜராத்தின் சானந்துக்குப் போனது, 2016-இல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இரண்டுமே எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் இரண்டு குவியலிலும் வண்டி ஒரு சான்றுப்பொருளாக நிற்கிறதே தவிர யாரும் அதை ஸ்டார்ட் செய்வதில்லை. கார்ப் பத்திரிகைக்காரர்களில் சிலர் ஓட்டிப் பார்த்துவிட்டு "அட, இது நல்லாயிருக்கே" என்று அப்போதே சொன்னார்கள். அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை. விழாமல் போனதற்குக் காரணம் வண்டியின் முன்னுரை என்பது என் கட்சி.

மோசமான முன்னுரையால் கெட்டுப்போன புத்தகங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆசிரியரே முதல் பத்துப் பக்கத்தில் இது எப்பேர்ப்பட்ட படைப்பு, எந்த வேதனையில் பிறந்தது என்று சொல்லித் தீர்த்துவிடுவார். வாசகனுக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. நானோவுக்கு நடந்தது அதுதான். மழையில் ஒரு குடும்பம், கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள், ஒரே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்தேன், அவர்களுக்குப் பாதுகாப்பாக ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியது என்றார் ரத்தன் டாடா. விலை ஒரு லட்சம் என்றார். 2008 ஜனவரி 10 அன்று டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் வண்டியை மேடைக்குக் கொண்டுவந்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பொருளில் பேசினார். அவர் மனம் நல்ல மனம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டியில் ஒருவரும் உட்காரும் முன்பே உலகத்துக்கு அதைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது: அதன் விலை, அது யார்மேல் பட்ட இரக்கத்தில் பிறந்தது என்பது. அதற்கப்புறம் ஒருவன் நானோ வாங்கினால் அவன் அந்தக் கதையில் வரும் ஸ்கூட்டர்காரனாகத் தன்னை ஒப்புக்கொள்ள வேண்டும். பரிதாபத்தில் பிறந்த வண்டியை யார் வீட்டு வாசலில் நிறுத்துவார்கள்?

தொடக்கத்தில் நிறுத்தத் தயாராகத்தான் இருந்தார்கள். 2009-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். முதல் லட்சம் பேரைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல அந்தப் பெயர் வண்டியின்மேல் படிந்தது. சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகளும் சேர்ந்துகொண்டன. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டி செய்யக் கட்டிய சானந்த் ஆலையில் 2018 ஜூன் மாதம் முழுவதும் செய்த நானோ ஒன்றே ஒன்று. மலிவான கார் என்று அதற்குப் பெயர் விழுந்தது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் வருத்தப்பட்டார். இடையில், 2011-இல், அதே குழுமத்தின் நகைக்கடை 80 கிலோ தங்கத்தில் ஒரு நானோவை இழைத்துக் காட்சிக்கு வைத்தது. மதிப்பு 22 கோடி என்றார்கள். ஏழையின் காருக்கு இதைவிடப் பொருத்தமான அவமானத்தை எதிரிகூட யோசித்திருக்க மாட்டான்.

காரைப் பற்றிய விமர்சனம் பெரும்பாலும் வெளியே நின்றுகொண்டு எழுதப்படுவது. ரோலண்ட் பார்த் 1950-களில் சிட்ரோயன் டிஎஸ் காரைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் பாருங்கள். கார்களை இடைக்காலப் பேராலயங்களுக்கு ஒப்பிட்டு, கண்காட்சிக் கூடத்தில் மக்கள் அந்த வண்டியை எப்படித் தொட்டுத் தடவிப் பார்க்கிறார்கள் என்று அற்புதமாக எழுதுகிறார். ஆனால் அது பார்வையாளனின் கட்டுரை. கிளட்சை மிதித்த கால் அதில் இல்லை. அதே கம்பெனி 1948-இலேயே டூசிவி என்றொரு சின்ன வண்டியைக் காட்டியிருந்தது. 375 சிசி, 9 குதிரைத்திறன், உழுத வயலில் முட்டைக் கூடையை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்பது அதற்கு வைத்த நிபந்தனை. அந்த வண்டியை உலகம் தலையில் வைத்துக் கொண்டாடியது, ஆனால் ஓட்டி ஓட்டித்தான் கொண்டாடியது. பார்த்து யாரும் மயங்கியிருக்க மாட்டார்கள்.

சரி, ஓட்டுவதற்கு வருகிறேன்.

என்னுடையது 2011-இல் பதிவான வண்டி. 2015-இல் ஒரு நல்ல பைக்கின் விலைக்குக் கைமாறி வந்தது. 624 சிசி, இரண்டு சிலிண்டர், 35 குதிரைத்திறன், நான்கு கியர். எடை சுமார் 600 கிலோ. ஒரே வைப்பர். வலப்பக்கம் மட்டும் கண்ணாடி. சக்கரத்துக்கு மூன்று நட்டு. பின்பக்கக் கதவு திறக்காது, சாமான் வைக்கப் பின் இருக்கையை மடக்க வேண்டும். (இவ்வளவு சிக்கனத்தைப் பார்த்தால் ஏழு சீரோடு ஒப்பிட ஆசை வருகிறது. வேண்டாம், எல்லாவற்றுக்கும் வள்ளுவரை இழுக்கக் கூடாது.) வேகம் காட்டும் மீட்டர் ஓட்டுநருக்கு முன்னால் இல்லாமல் நடுவில் இருக்கிறது. அதனால் வண்டியில் இருக்கும் எல்லோரும் அதைப் படிக்கலாம், படிக்கிறார்கள், சத்தமாக.

முதல் வாரமே ஒன்று புரிந்தது. இந்த வண்டியை மிச்சம் வைக்காமல் ஓட்டலாம். நண்பர் ஒருவரின் பெரிய வண்டியை ஒருமுறை ஏற்காட்டுக்கு ஓட்டிப் போனேன். அதில் 150 குதிரைக்கு மேல். கியரை அதுவே போட்டுக்கொண்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் டிவியில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் அதில் வேலை இல்லை. அந்தக் குதிரைகளில் பாதியைக்கூட நம் சாலையில் அவிழ்த்துவிட முடியாது. நானோவிலோ முப்பத்தைந்தும் எந்நேரமும் வேலையில் இருக்கும். ஐம்பதில் போகும்போது எண்பதில் போகும் உற்சாகம். சத்தமும் அதற்குத் தக்கபடி இருக்கும், அதை மறைப்பதற்கில்லை. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் எதிரே லோடு ஆட்டோ வந்தால் மற்ற கார்க்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் கடையோரம் ஒடித்து ஒதுங்கிப் போய்க்கொண்டே இருப்பேன். வண்டியின் நீளமே மூன்று மீட்டர் சொச்சம், நான்கு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும்.

ஆனால் வண்டியின் குணம் முழுதாகத் தெரிய கொல்லிமலைக்குப் போக வேண்டும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலேயே ஏசியை அணைத்துவிட வேண்டும், 35-இல் அதற்குக் கொடுக்க எதுவும் கிடையாது. அதற்குமேல் ஒரே விதிதான்: வேகத்தை இழக்காதே. இழந்தால் திரும்பச் சம்பாதிக்க வண்டியிடம் பலம் இல்லை. ஆகவே கண் எப்போதும் இரண்டு வளைவு மேலே இருக்கும். பஸ் இறங்குகிறதா, பைக் வருகிறதா, அந்த இடத்தில் இரண்டாவது கியர் போதுமா, முதல் கியருக்கு வர வேண்டுமா? ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை மரியாதை. பெரும்பாலான பஸ் ஓட்டுநர்கள் அதை மதிப்பார்கள், நானோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாவது மதிப்பார்கள். எஞ்சினின் எடை பின்னால், தள்ளுகிற சக்கரமும் பின்னால். அதனால் செங்குத்தான வளைவிலும் சக்கரம் வழுக்காமல் கவ்விப் பிடிக்கும். முன்பக்கம் லேசு. பவர் ஸ்டியரிங் இல்லாமலே கை சொன்னபடி திரும்பும், சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்குத் தெரியும். முப்பதாவது வளைவில் மகள் மீட்டரைப் பார்த்து "அப்பா, இருபத்தி ரெண்டு!" என்று கத்தினாள். அந்த இருபத்திரண்டைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோளக்காட்டில் இறங்கி நின்றபோது சட்டை நனைந்திருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பை மனைவி சந்தேகமாகப் பார்த்தாள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் போனால் வண்டியைச் செய்தவர்களுக்குத் துரோகம். பின்பாரம் உள்ள வண்டிக்கு வளைவில் வால் சுழன்றுவிடும் ஆபத்து உண்டு. அதனால் முன்டயரை 135 மில்லிமீட்டர் அகலத்திலும் பின்டயரை 155 மில்லிமீட்டரிலும் போட்டார்கள். பிடி போவதாக இருந்தால் முதலில் முன்பக்கம்தான் போகும், அது பயப்படாமல் சமாளிக்கக்கூடியது. எல்லாவற்றிலும் ஒரு நட்டைக் குறைத்தவர்கள் இந்த இடத்தில் இரண்டு அளவு டயர் வாங்கியிருக்கிறார்கள். இப்படி யோசித்தவர்களுக்கு அந்த முன்னுரை நியாயமா?

முன்னுரைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அந்த ஸ்கூட்டர் குடும்பத்தில் நானும் ஒருவன். அப்பாவின் பஜாஜ் சேட்டக்கில் நாங்கள் நால்வரும் சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டிப் பாட்டி வீட்டுக்குப் போவோம். நான் முன்னால் நிற்பேன். காற்று நேராக முகத்தில் அடிக்கும், ஹாரன் என் கைவசம். மழை வந்தால் புளியமரத்தடியில் ஒதுங்குவோம். அப்போது யாராவது காருக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருந்தால், அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது. நானோவில் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த நின்ற இடம்தான் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா விடவில்லை. "உனக்கென்ன, நீ முன்னாடி நின்னுட்டு வந்தே. பின்னாடி ஒரு கையில உன் தங்கச்சி, ஒரு கையில ஸ்டெப்னியப் புடிச்சுட்டு நானு. ஒவ்வொரு லாரி தாண்டறப்பவும் உசுரு போயி வரும். பாத்தவங்க பாவம்னு நெனச்சா அதுல என்ன தப்பு?"

நான் மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் இது மறுப்பு. வெளியிலிருந்து பார்த்தவர் சிறுவனின் முகத்தைத் தவறவிட்டார், ஆனால் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டார். அப்படியானால் அவர் வாக்கை அவள் பக்கத்திலிருந்து சோதிக்க வேண்டும். 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நானோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அதே சோதனையில் நம் ஊரில் நன்றாக விற்ற வேறு சில சிறிய கார்களுக்கும் பூஜ்யம்தான் என்பது ஆறுதல் இல்லை. பாதுகாப்புக்காகப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட வண்டி பாதுகாப்பில் தோற்றது, யாரும் வாக்களிக்காத சந்தோஷத்தில் ஜெயித்தது. என் ரசனைக்கும் இதில் பங்கு உண்டு. வண்டி லேசாக இருப்பதால்தான் எனக்கு அது பிடிக்கிறது. எடை சேர்த்து, காற்றுப்பை வைத்து, கதவைத் தடிமனாக்கியிருந்தால் அம்மா நிம்மதியாக இருந்திருப்பாள். கொல்லிமலையில் அந்த இருபத்திரண்டு கிடைத்திருக்காது. இரண்டையும் ஒரே விலைக்குள் தந்திருக்க முடியுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான்குவழிச் சாலைக்கு நானோவை எடுப்பதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளோடு என்றால் ஊருக்குள் மட்டும்தான். மலைக்கு இப்போதெல்லாம் தனியாகப் போகிறேன்.

அம்மாவுக்கு வண்டிமேல் தனியாக ஒரு மரியாதை உண்டு. கூரை உயரம் என்பதால் முட்டிவலியோடு குனியாமல் ஏறலாம், பின்னால் கால் நீட்ட இடம் தாராளம். "இதுல ஏறறதுக்கு யாரு கையும் புடிக்க வேண்டியதில்ல" என்பாள். போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். மண்டபத்து வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் பைக் நிறுத்தும் பக்கம் கையைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. அம்மா கண்ணாடியை இறக்கி, "அங்கயே போடு சாமி, வாசலுக்குக் கிட்ட" என்றாள். நிஜமாகவே அதுதான் கிட்ட. பெரிய வண்டிக்காரர்கள் எல்லாம் பின்பக்க மைதானத்தில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

பதிவுக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் பெயிண்ட், டயர், தளத்தில் துரு என்று எப்படியும் செலவு இருக்கிறது. ஏஜெண்ட் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி செலவு பண்றீங்களா சார்?" என்றார். சாவியைக் கொடுத்து, செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். போனவர் அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை.