முகப்புத் திரையும் அணையின் நீர்மட்டமும்

அரசுத் துறைகள் வெளியிடும் கைப்பேசிச் செயலிகளைப் பாராட்டுவோர், அவற்றில் எத்தனை சேவைகள் அடங்கியுள்ளன என்ற கணக்கையே முதலில் எடுத்துவைப்பது வழக்கமாகிவிட்டது. 2018 ஏப்ரலில் 9 சேவைகளுடன் தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலி, பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட சேவைகளாகப் பெருகியதும் அவ்வாறே அதன் வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. சேவைகள் பெருகியது உண்மையே. அந்தப் பெருக்கத்தில் முகப்புத் திரை என்ன ஆயிற்று என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை.

செயலியைத் தொட்டவுடன் முதலில் விரியும் சாளரமே முகப்புத் திரை எனப்படுகிறது. ஆண்ட்ராய்டு நிரலாக்கத்தில் இதற்கு வழக்கமாக இடப்படும் பெயர் 'மெயின் ஆக்டிவிட்டி'. செயலி எந்தச் சாளரத்தில் தொடங்க வேண்டும் என்பதை 'மேனிஃபெஸ்ட்' என்னும் அறிவிப்புக் கோப்பில் நிரலாளர் குறித்துவைக்கிறார். அச்சாளரத்தை அமைக்க அரசுச் செயலிகள் பெரிதும் கையாள்வது கட்டமுறை: வரிசைக்கு இரண்டோ மூன்றோ கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படக்குறி, அதன் கீழே சேவையின் பெயர். இம்முறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. 2007இல் ஐபோன் வந்தது முதல் கண்ணுக்குப் பழகிய வடிவம் இது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் படம் கைகொடுக்கிறது. அலைவரிசை எட்டாத மலைச்சரிவிலும் திரை வெறுமையாக நிற்பதில்லை.

ஆனால் கட்டங்கள் சேவையின் பெயரை மட்டும் சொல்கின்றன, நிலவரத்தைச் சொல்வதில்லை. 71 அடி உயரத்துக்கு நீர் தேக்கப்படும் வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படுகின்றன. தேனி தொடங்கி இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்கள் அந்த எண்களைக் கவனித்திருக்கிறார்கள். உழவன் செயலியில் அணை நீர்மட்டத்துக்கென ஒரு சேவை உண்டு என்றாலும், முகப்பில் அது மானியத் திட்டத்துக்கும் வேளாண் கருவி வாடகைக்கும் இணையாக நிற்கும் ஒரு கட்டமே. அணை 40 அடியில் கிடக்கும்போதும் 69 அடியில் ததும்பும்போதும் அக்கட்டத்தின் படம் மாறுவதில்லை. உர இருப்பு தீர்ந்துபோன நாளிலும் உரக் கட்டம் அப்படியே இருக்கிறது.

தேனி மாவட்ட நாளிதழ்ப் பக்கங்களோ நிலவரத்தைச் சொல்லும் வேலையை நெடுநாளாகச் செய்துவருகின்றன. பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி என்று அணைகளை வரிசையாக இட்டு, எதிரே நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு ஆகியவற்றைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றன. அங்கே வாசகர் எதையும் தொட்டுத் திறக்க வேண்டியதில்லை.

இடத்துக்கு ஏற்பத் தேவை மாறுவதையும் கட்டமுறை அறியாது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் பெரியாற்று நீரை நம்பியவை. ஆகவே கூடலூர் விவசாயி பார்ப்பது பெரியாறு அணை, நீர் தேக்க அனுமதிக்கப்பட்ட 142 அடிக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை. வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி வைகை அணையையும் சேர்த்துப் பார்ப்பார். சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சை பறிக்கப்போகிறவருக்கோ அணையைவிட அடுத்த இரண்டு நாள் மழையே பெரிது, ஏனெனில் பழுத்த குலையில் மழை விழுந்தால் பழம் வெடிக்கும். பதிவின்போது மாவட்டம், வட்டாரம், கிராமம் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்ட செயலி, இம்மூவருக்கும் ஒரே முகத்தைக் காட்டுவதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

காரணம் நிரலாக்கத்திலேயே இருக்கிறது. கட்டங்கள் ஒரு பட்டியலிலிருந்து உருவாகின்றன. புதிய சேவை வந்தால் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் முகப்பில் ஒரு கட்டம் கூடிவிடும். மாறாக, நிலவரத்தை முகப்பிலேயே காட்ட வேண்டுமென்றால் சேவையகத்திலிருந்து எண்ணைப் பெற்று, கைப்பேசியில் சேமித்து, தொடர்பு அறுந்த வேளையில் எந்த நாள், எந்த நேரத்து நிலவரம் என்ற குறிப்புடன் பழைய எண்ணைக் காட்ட வேண்டும். எந்த எண் யாருக்கு என்பதையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். இந்த உழைப்பைத் தவிர்ப்பதற்கே எளிமை என்று பெயர் சூட்டப்படுகிறது. சேமித்த எண்ணைத் தேதியுடன் காட்ட முடியும் என்றான பிறகு, அலைவரிசை எட்டாத இடங்களைக் காட்டிக் கட்டமுறைக்கு வாதாடுவதும் எடுபடாது. சேவைகளின் எண்ணிக்கை விழா மேடையில் அறிவிக்கப் பயன்படலாம். மடை திறக்கப் போகிறவருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

உழவன் செயலியின் அடுத்த பதிப்புக்குப் புதிய சேவை எதுவும் தேவையில்லை. கட்டங்களில் பெரும்பாலானவற்றை உள்பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, பயனர் பதிந்த ஊருக்குரிய அணையின் நீர்மட்டம், மழை முன்னறிவிப்பு, சந்தை விலை, உர இருப்பு ஆகிய நான்கையும் எண்களாகவே முகப்பில் இடுவதை வேளாண்துறை முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.