மேலுமலை ஏற்றத்தில் ஹெரால்டும் அம்பாசிடரும்

இந்த இரண்டு பழைய கார்களையும் ஒப்பிட நினைப்பவர் வேகத்தை முதலில் மறந்துவிட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; அதற்குள் சாலை 300 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பழைய எஞ்சினின் குணத்தை அறிய இதைவிட நல்ல சாலை வேண்டாம்.

குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏற்றத்தில் காது கொடுங்கள். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் ஆளையும் சுமையையும் தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல் இழுக்கும். ஹெரால்டில் 948 சிசிதான். அது சீக்கிரமே கியரைக் குறைக்கச் சொல்லும். தயங்காமல் குறையுங்கள், குரல் உயர்ந்து வண்டி உற்சாகமாக ஏறும். அந்தக் குரலைத் திணறல் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது சின்ன எஞ்சின் மனம்விட்டு உழைக்கும் சத்தம்.

ஹெரால்டு நம் ஊர் வண்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. பானட்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்: மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து, எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுசாக வெளியே வந்துவிடும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஓசூர் கடைவீதி போன்ற நெருக்கடியில் அதன் அருமை புரியும்.

வியப்பு அடியில் இருக்கிறது. சின்ன ஹெரால்டுக்கு லாரி போலத் தனிச் சேஸிஸ். பெரிய அம்பாசிடருக்கு உடம்பே சேஸிஸ். அம்பாசிடரின் பின்சக்கரங்கள் கமான் பட்டைமேல் ஒரே அச்சில் நிற்பவை. ஹெரால்டில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும். காலி வண்டியில் பின்சக்கரங்களின் மேல்விளிம்பு வெளியே சாய்ந்திருக்கும். நாலு பேர் ஏறினால் உள்ளே சாயும். நின்று பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

பின்சீட்டில் அம்பாசிடரை வெல்ல முடியாது. அதில் பேச்சே இல்லை.

திரும்பி இறங்கும்போது ஹெரால்டை வளைவுக்கு முன்பே நிதானப்படுத்துங்கள். வேகமாக நுழைந்துவிட்டு நடுவளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி வாலை வீசும். ஹெரால்டுக்குப் பின் அதே நிறுவனம் கொண்டுவந்த கெசல் காரில் இந்தப் பின்சக்கர அமைப்பை மாற்றி ஒரே அச்சாக்கிவிட்டார்கள்.