ஆடுபுலி ஆட்டத்திற் புலியின் வலிமையும் பயனும்

ஒரு விளையாட்டின் நாயகன் யாவன், அவன் வலிமை எத்தகையது, அவ்வலிமை எவ்விடத்துப் பயன்படும், எவ்விடத்துப் பயன்படாது என ஆராய்தல் வீண்வேலை எனக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது. காவியத் தலைவனின் குணநலன்களை ஆராய்வது இலக்கியத் திறனாய்வாயின், பல தலைமுறையாக மக்கள் கையாண்டு வரும் ஓர் ஆட்டத்தின் தலைமைக் காயை ஆராய்வதும் அதனோடு ஒத்த முயற்சியேயாம். அறிவுக்கு வேலை தரும் ஆட்டங்களுள் தமிழ் மக்களுக்கு நெருங்கிய உறவுடையது ஆடுபுலி ஆட்டம். மலைநாட்டுத் தோட்ட லயங்களின் இஸ்தோப்பிலே கரிக்கட்டியாற் கோடிழுத்து, புளியங்கொட்டையையும் கூழாங்கல்லையும் காய்களாக வைத்து ஆடப்பட்ட இது, இன்று கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரையிலும் ஏறிவிட்டது. திரை மாறினும் புலி மாறவில்லை. அப்புலியின் தகுதியை மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் வரலாறு

கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் உழைக்க வந்த மக்கள் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளைச் சேர்ந்தோராவர். ஆடுபுலி ஆட்டம் அப்பகுதிகளுக்கெல்லாம் பொதுவானது. தெலுங்கு நாட்டிலும் இதனை ஒத்த ஆட்டம் உண்டு. நேபாளத்தில் இதன் உறவாகிய ‘பாக்சால்’ என்னும் ஆட்டம் நான்கு புலிகளையும் இருபது ஆடுகளையும் உடையது. ஐரோப்பாவில் ஒரு நரியும் பதின்மூன்று வாத்துகளும் எதிர்நிற்கும் ஆட்டம் ஒன்றுளது. இலங்கையிலும் இவ்வினத்து ஆட்டங்கள் பழமையானவை. 1909ஆம் ஆண்டில் வெளியான ‘பண்டை இலங்கை’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் எச். பாக்கர், சிங்கள மக்கள் ‘தெமள திவியன் கெலிய’ என வழங்கும் ஆட்டம் ஒன்றைக் குறிக்கின்றார். ‘தமிழரின் சிறுத்தை ஆட்டம்’ என்பது அப்பெயரின் பொருள். இலங்கைக் காட்டில் வரிப்புலி இல்லை, சிறுத்தையே உண்டு. ஆதலின் ஈழத்து மண்ணில் ஆட்டத்தின் நாயகன் சிறுத்தையானமை இயல்பே.

பலகையும் விதியும்

நாயகனின் வலியை அளக்குமுன் களத்தை அறிதல் வேண்டும். உச்சிப்புள்ளி ஒன்றினின்று நான்கு கோடுகள் கீழ்நோக்கி விரியும். அவற்றைக் குறுக்கே மூன்று கோடுகள் வெட்டி இருபுறமும் வெளியே நீண்டு, நெடுங்கோடுகளால் இணைந்து ஒரு நீள்சதுரமாகும். அடியிலே நான்கு புள்ளிகள் கொண்ட கோடு ஒன்று. ஆக உச்சி 1, குறுக்குக் கோடுகள் மூன்றிலும் ஆறாறாக 18, அடியில் 4, மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து.

ஆடுகள் முறைக்கு ஒன்றாகப் பலகையில் வைக்கப்படும். பதினைந்தும் வைத்து முடியும்வரை எந்த ஆடும் நகர்தல் கூடாது. புலியோ தொடக்கத்திலேயே நகரலாம். அடுத்த புள்ளியில் ஆடும், அதற்கப்பால் நேர்கோட்டில் வெற்றிடமும் இருப்பின் புலி தாவி அவ்வாட்டை வெட்டும். ஆட்டிற்கு வெட்டும் உரிமை இல்லை. மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுப் பக்கம் வெல்லும். புலிகளை முதலிலேயே உச்சியிலும் அதனருகிலும் நிறுத்தும் வழக்கும், ஆட்டோடு மாறிமாறி வைக்கும் வழக்கும் உள. இவ்வேறுபாடு மதிப்பீட்டைப் பெரிதும் மாற்றாது.

வலி

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலிமை என்பது தனித்து நிற்கும் பொருளன்று; காலத்தோடும் இடத்தோடும் சேர்ந்தே அளக்கத்தக்கது என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். புலியை மதிப்பிடுதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை.

புலியின் வலிகள் மூன்று. அது தாவும், முதலிலேயே நகரும், ஒருபோதும் வெட்டுண்ணாது. இம்மூன்றையும் கண்டு மயங்கியே இளைஞர் பலர் புலிப்பக்கம் ஆட விரைகின்றனர். ஆனால் தாவுதற்கு இரண்டு பிழைகள் எதிர்ப்பக்கத்தில் நிகழ்தல் வேண்டும்: ஓர் ஆடு அருகே வரவேண்டும், அதன் பின்புறம் வெறுமையாய் இருத்தல் வேண்டும். ஆகவே புலியின் வெட்டு அதன் சொந்த ஆற்றலால் மட்டும் விளைவதன்று. ஆட்டுப் பக்கத்தின் இடைவெளியால் விளைவது. ஒரு கோட்டில் இரண்டு ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பின் மூன்று புலிகளும் சேர்ந்து வரினும் அக்கோட்டில் அவை செய்யத்தக்கது ஒன்றுமில்லை. சதுரங்கத்திற் காலாளுக்கு ஒன்று, இராணிக்கு ஒன்பது என மதிப்பு வகுப்பர். புலிக்கு அவ்வாறு நிலையான எண் இடுதல் இயலாமைக்குக் காரணம் இதுவே. அதன் மதிப்பு எதிரிலுள்ள ஆடுகள் நிற்கும் முறையைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் செல்லும்.

இடம்

நீருள் வெல்லும் முதலை கரையில் தோற்கும் என்னும் கருத்து இடனறிதலில் வருவது. ஆடுபுலிப் பலகையில் இவ்வுண்மையை எண்ணியே காட்டலாம். உச்சியில் நிற்கும் புலிக்கு நான்கு வழிகள். அதனை அடைக்க அருகில் நான்கு ஆடுகளும், தாவ இடமின்றி அவற்றின் பின்னே நான்கு ஆடுகளுமாக எட்டு வேண்டும். நீள்சதுரத்தின் மூலையில் நிற்கும் புலிக்கோ வழி இரண்டே. நான்கு ஆடுகளால் அது அடைபடும். அதே புலி, அதே தாவல். இடம் ஒன்றினால் வலிமை பாதியாகின்றது.

இக்கணக்கைக் கொண்டு உச்சியே புலிக்குச் சிறந்த இருக்கை என முடிபு கூறுவர். அம்முடிபு அரைகுறையானது. ஆடுகளுக்குரிய இடங்களையும் நோக்குதல் வேண்டும். உச்சி, நீள்சதுரத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள் ஆகிய ஏழு புள்ளிகளினூடே எந்த நேர்கோடும் கடந்து செல்வதில்லை. எனவே இவ்வேழிலும் நிற்கும் ஆட்டை எப்புலியும் வெட்டவியலாது. மேலும், தன்னூடே செல்லும் ஒவ்வொரு கோட்டிலும் ஒருபுறமேனும் தன்னினத்து ஆடு அடுத்து நிற்குமாயின் அவ்வாடும் வெட்டுண்ணாது. இவ்விரு விதிகளையும் சேர்த்து நோக்கினால் வியக்கத்தக்க முடிபொன்று கிடைக்கின்றது. அடிக்கோட்டின் முனையில் தொடங்கி அந்நான்கையும் நிரப்பி, அடுத்த கோட்டின் மூலையினின்று அவ்வாறையும் நிரப்பி, அதற்கடுத்த கோட்டில் ஓரத்திலிருந்து ஐந்தை வைத்தால் பதினைந்து ஆடுகளும் முடிந்துவிடும். இடையில் ஓர் ஆடும் வெட்டுண்ணாது. புலிகளுக்கு எஞ்சுவன மேலே எட்டுப் புள்ளிகள். அவற்றுள் மூன்றில் அவையே நிற்க, வெற்றிடம் ஐந்தே. உச்சியில் வீற்றிருந்த புலி தன் அரியணையை இழக்கவில்லை, நாட்டை இழந்துவிட்டது.

ஆகவே உச்சியில் இருத்தல் புலிக்குப் பாதுகாப்புத் தருமேயன்றிப் பயன் தராது. பயன் வேண்டுமாயின் அது கீழே இறங்கி, ஆடுகள் சுவரெழுப்பும் மூலையிலும் முனையிலும் புகுந்து, வரிசை கூடாதபடி தடுத்தல் வேண்டும். ஆனால் அம்மூலையே நான்கு ஆடுகளால் அது அடைபடும் இடமுமாகும். பாதுகாப்பான இடத்திற் பயனின்மையும், பயனுள்ள இடத்தில் ஆபத்தும் அமைந்திருப்பதே இந்நாயகனின் நிலை. இதனை உணர்ந்து இறங்குபவனே புலிப்பக்கத்தின் நல்லாட்டக்காரன்.

காலம்

காலத்தால் நோக்கின், புலியின் பொற்காலம் ஆடுகள் வைக்கப்படும் பருவமே. அப்பொழுது அது நகரும், எதிரி நகரான். அது தேர்ந்து பாயும், எதிரியோ வைத்த ஆட்டைத் திரும்ப எடுக்கவும் இயலான். அப்பருவத்தில் வெட்டாத புலி பின்னர் வெட்டுதல் அரிது. பதினைந்தும் இழப்பின்றி வைக்கப்பட்டால் பலகை முழுவதிலும் வெற்றிடம் ஐந்துதான். ஓர் ஆடு வீழின் ஆறு, இரண்டு வீழின் ஏழு என வெற்றிடம் பெருகும். வெட்டின் உண்மைப் பயன் ஓர் ஆடு குறைவதன்று. புலி மூச்சுவிட ஓரிடம் கூடுவதே. இதனை அறியாதார் வெட்டிய காய்களை எண்ணி மகிழ்வர். அறிந்தார் பலகையின் வெறுமையை எண்ணுவர்.

ஆட்டுப் பக்கத்திற்கும் இடர் உண்டு. வைப்பு முடிந்தபின் முறை வரும்போதெல்லாம் ஓர் ஆட்டை நகர்த்தியே ஆகவேண்டும். அசையாது நிற்கும் சுவர் காக்கும், ஆனால் வெல்லாது. வெல்வதற்கு அச்சுவர் தன் ஒழுங்கு குலையாமல் ஓரடி ஓரடியாக மேலேறுதல் வேண்டும். அங்கே நிகழும் ஒரு தவறே புலியின் இரண்டாம் வாய்ப்பு.

துணை

வள்ளுவர் உடனிருப்போரின் ஆற்றலையும் எண்ணச் சொன்னார். மூன்று புலிகள் ஒன்றையொன்று காக்க வேண்டுவதில்லை. ஏனெனில் அவை வெட்டுண்ணா. அதனாலேயே அவற்றிடைத் துணையென்பது வளரவில்லை. நெருங்கி நிற்பின் ஒன்றன் வழியை மற்றொன்று அடைக்கின்றது. இதனால் ஆட்டுப் பக்கத்திற்குச் சில ஆடுகளின் வேலை மிச்சம். ஆடுகளின் நிலை இதற்கு நேர்மாறானது. தனித்த ஆடு பயனற்றது. அடுத்ததொன்று வந்தவுடன் இரண்டும் பயனுடையனவாகின்றன. வெட்டுண்ணும் இயல்பே அவற்றை ஒன்றுசேர்க்கின்றது.

நேபாள ஆட்டத்தைக் கணினியால் ஆராய்ந்த லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் அறிஞர் இருவரும், இருபக்கமும் பிழையின்றி ஆடின் முடிவு சமநிலையே என நிறுவினர். பலகையும் காய்த்தொகையும் வேறாதலின் அம்முடிபை இங்கு அப்படியே ஏற்றுதல் தகாது. எனினும் புலி பிறவியிலேயே மேம்பட்டது என்னும் எண்ணம் அவ்வினத்து ஆட்டமொன்றில் தகர்ந்தமை குறிக்கத்தக்கது.

உவமையின் எல்லை

புலி தோட்டத்துரை, ஆடுகள் தொழிலாளர் எனக் கொண்டு இவ்வாட்டத்திற்குப் பொருள் காண்பார் மலைநாட்டிற் பலர். ஆயுதமற்ற பலர் வரிசையாய் நின்று ஆற்றலுடைய சிலரைச் செயலறச் செய்தல் என்னும் அளவில் அவ்வுவமை பொருந்தும். 1930களிலிருந்து தோட்டங்களில் எழுந்த சங்கங்களின் வரலாறு அதற்குச் சான்று.

ஆயினும் உவமையை அளவிறந்து நீட்டுதல் தீங்காம். ‘சில ஆடுகள் பலியானாலன்றிப் புலி அடைபடாது’ என்பது இவ்வுவமையினின்று சிலர் பெறும் படிப்பினை. பலகையே இதனை மறுக்கின்றது. இழப்பு விதியன்று; பெரும்பாலும் வரிசையில் நேர்ந்த இடைவெளியின் விளைவு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனை, வெற்றிக்கென விடப்பட்ட ஒரு காயாக எண்ணுதல் அம்மனிதனுக்கும் வரலாற்றுக்கும் இழுக்கு. அவர் யார் கையாலும் நகர்த்தப்பட்டவரல்லர், தாமே நின்றவர்.

மற்றொன்றும் உளது. ஆடுபுலி ஆட்டத்திற் புலி தாவினாலன்றி ஓர் ஆடும் பலகையை விட்டு நீங்காது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையும் இவ்விதிக்குள் அடங்கா. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என எழுதிப் பிரித்தபோது, எப்புலியும் தாவாமலே காய்கள் எடுக்கப்பட்டன. சுவராய் நின்ற ஒற்றுமைக்கும் அங்கே மறுமொழி இல்லை. ஏனெனில் கைவைக்கப்பட்டது பலகையின்மேல். எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் குடியுரிமை வழங்கியது. ஆட்டத்தின் நீதி வேறு, நாட்டின் நீதி வேறு என்பதை மறக்கும் உவமை, ஆட்டத்தையும் விளக்காது, வரலாற்றையும் விளக்காது.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், புலி வலிமையுடையது, ஆனால் தன்னிறைவுடையதன்று என்பது பெறப்படும். வைப்புப் பருவத்தில் அது மிகப் பயனுடையது. பின்னர் அதன் பயன் பிறர் பிழையை எதிர்பார்த்து நிற்பது. உச்சியில் அது காட்சிக்குரியது. கீழே இறங்குங்கால் அது கருத்துக்குரியது. காட்டுச் சிறுத்தையின் கதியும் இதனையே நினைவூட்டும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்றைச் சிக்கவைத்து, அதன் சாவுக்கும் காரணமானது ஒரு கம்பிக்கண்ணியே.

கைத்தொலைபேசியில் ஆடும் மாணவர்க்கு ஒன்று கூறத்தகும். இயந்திரம் செல்லத்தக்க வழிகளைத் தானே காட்டிவிடின், கண் பெறவேண்டிய பயிற்சி குன்றும். இஸ்தோப்பிற் கோடிழுத்து ஆடியவர்கள் ஒருமுறை புலியும் மறுமுறை ஆடுமாகப் பக்கம் மாறி ஆடினர். இருபக்கமும் ஆடாதவன் புலியின் வலியையும் அறியான், ஆட்டின் வலியையும் அறியான். மாணவர் அம்முறையை மேற்கொண்டு, இங்கே கூறப்பட்ட கணக்குகளைப் பலகையில் வைத்துச் சோதித்து, குறை காணின் திருத்துவாராக.