மறைந்து நடப்பவனின் அறம்

உடையார்பாளையத்தாராகிய நமக்கு மறைவு என்பது புதிய செய்தியன்று. முகலாயப் படையின் அச்சத்தால் 1688இல் காஞ்சிபுரத்தை விட்டு அகன்ற வரதராசப் பெருமாள் திருமேனி, இப்பகுதிக் காட்டில் காக்கப்பட்டு 1710இல் திரும்பியதை அக்கோயிற் கல்வெட்டு கூறுகிறது. அன்று இங்கே ஒளித்தல் என்பது காத்தலாயிற்று. நம் இளைஞரைக் கவரும் ‘மறைந்து தாக்கும்’ கணினி விளையாட்டுகளை இந்நினைவோடு மதிப்பிடுவது தகும்.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட் குரோனிக்கிள்ஸ்: இந்தியா’ அவ்வகையினது. களம் 1841ஆம் ஆண்டின் சீக்கிய அரசு. நாயகன் அர்பாஸ் மிர். கதையின் நடுவே கோகினூர் வைரம்.

இதன் நிறைகளை மறைக்க வேண்டியதில்லை. வண்ணங்களும் அணிக்கோலங்களும் கண்ணுக்கு விருந்து. காவலன் பார்வை எட்டும் எல்லையைத் திரையிலேயே காட்டி, காத்திருக்கவும் கணிக்கவும் பழக்குகிறது. எவரையும் தாக்காமல், எவர் கண்ணிலும் படாமல் கடப்பவனுக்கு மிகுந்த மதிப்பெண் தருகிறது. இது பாராட்டத்தக்கது.

குறைகளும் உள. சில கட்டங்களில் வகுத்த வழி ஒன்றே; நொடி தவறினால் மீண்டும் தொடங்க வேண்டும். அங்கே அறிவு ஓய்ந்து மனப்பாடமே எஞ்சுகிறது. சிலீமன், அலெக்சாண்டர் பர்ன்சு எனும் வரலாற்று மாந்தரை இரகசியக் கூட்டத்துக் கொடியவராக்கியதில், ஆங்கிலேய ஆதிக்கத்தின் மெய்யான காரணங்கள் மறைந்துபோகின்றன.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறு. கொல்லாமை இங்கே திறமையாக மட்டுமே நிற்கிறது, இரக்கமாக மலரவில்லை. காவலனுக்குப் பெயரில்லை, வீடில்லை. அவனைக் கொன்றாலும் விட்டாலும் மாறுவது எண்ணிக்கையே.

தாவீதை நினைப்போம். குகையின் இருளில் ஒளிந்திருந்த அவரிடம், கொல்லத் தேடிவந்த சவுல் தானே வந்து அகப்பட்டார். தாவீது மேலாடையின் தொங்கலை மட்டும் அறுத்தார். அதற்கே அவர் நெஞ்சம் அவரை வருத்தியது. அவ்விடத்தில் அவரைத் தடுத்தது மதிப்பெண் அன்று, மனச்சான்று.

அந்த உறுத்தலை எந்த விளையாட்டும் தானாகத் தந்துவிடாது. ஆகவே பிள்ளைகளின் கையிலிருந்து இதைப் பறிப்பதினும், அருகில் அமர்ந்து, “அந்தக் காவலன் யார் பிள்ளை?” என்று ஒருமுறை கேட்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.