ஒரு விளக்கை அணைக்கப் பதினொரு நிமிடம்

ஒரு காகித விளக்கை அணைக்க எனக்கு அன்று பதினொரு நிமிடம் பிடித்தது. கோட்டையின் உள்முற்றம். விளக்குக்குக் கீழே ஒரு காவலன் தூணில் சாய்ந்து நிற்கிறான். இன்னொருவன் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடக்கிறான். வேலைக்காரப் பெண் ஒருத்தி வருகிறாள், போகிறாள். நான் தரையோடு தரையாகக் கிடக்கிறேன். நடப்பவன் முதுகைக் காட்ட வேண்டும், அவள் உள்ளே போயிருக்க வேண்டும், மழை இன்னும் கொஞ்சம் வலுக்க வேண்டும். மூன்றும் கூடிவந்த நொடியில் ஷுரிகன் என்ற எறிகத்தி பறந்தது. விளக்கு செத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் கொட்டாவி விட்டான்.

"மாமா, நான் யாசுகேவ எடுத்துக் கதவ ஒடச்சிட்டுப் போயிருந்தா, இந்நேரம் பெட்டியத் தொறந்து, வெளிய வந்து, குதிரையில ஏறியிருப்பேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பெட்டிக்காக அங்கே போனவன் அவன். நான் விளக்குக்காகப் போனவன். பகலில் மலேசியாவின் சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்து வீடுகளுக்கு வயரிங் வேலை செய்து விளக்கு மாட்டுகிறேன், இரவில் உட்கார்ந்து விளக்கை அணைக்கிறேன். என் மனைவிக்கு இதில் ஒரு நியாயமும் தெரியவில்லை.

அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் என்ற இந்த வீடியோ ஆட்டம் 2025 மார்ச் 20ஆம் தேதி வந்தது. முதலில் 2024 நவம்பர் என்றார்கள், பிறகு பிப்ரவரி என்றார்கள், அப்புறம்தான் மார்ச். கனடாவில் இருக்கும் யூபிசாஃப்ட் கியூபெக் செய்தது. களம் 16ஆம் நூற்றாண்டின் ஜப்பான். ஓடா நொபுநாகாவின் படை 1581இல் இகா நாட்டை அழித்தபோது தகப்பனைப் பறிகொடுத்த நவோயே என்ற ஷினோபி (நிஞ்சா) பெண் ஒருத்தி. நொபுநாகாவிடம் உண்மையிலேயே பணியாற்றிய யாசுகே என்ற ஆப்பிரிக்க வீரன் இன்னொருவன். இருவரில் யாராக வேண்டுமானாலும் ஆடலாம். முதல் வாரத்திலேயே 30 லட்சம் பேர் ஆடிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. யாசுகேயை நாயகனாக்கலாமா கூடாதா என்று உலகம் முழுக்க ஒரு சண்டை நடந்தது. அதில் எனக்கு ஆர்வம் இல்லை. எங்கள் வட்டத்தில் நடந்த சண்டைகள்தான் எனக்குச் சுவை.

வட்டம் என்றால் ஐந்தாறு பேர். சனிக்கிழமை இரவு என் வீட்டு முன்னறையில் கூடுவோம், யாராவது சித்தியவானிலிருந்து கொம்பியா ரொட்டி வாங்கி வருவார். செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் நண்பருக்குக் காடுகள்மேல் கோபம். பாதையை விட்டு இறங்கினால் சரிவில் வழுக்குகிறது, மரம் மறைக்கிறது, குதிரை திணறுகிறது, "நாள் பூரா மரத்துக்குள்ள கிடந்துட்டு வந்து இங்கயும் மரமா?" என்பார். ஆசிரியரான இன்னொருவர் கதை பாதியில் சிதறிவிட்டதென்று நிறுத்திக்கொண்டார். முகமூடிக்காரர்களின் பட்டியல் ஒன்று, ஒருவரைக் கொன்றால் அவருக்குக் கீழே இன்னொரு பட்டியல். விடைத்தாள் திருத்துவது போலிருக்கிறது என்றார். அவர் மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அவள் ஒரு சண்டைகூடப் போடவில்லை. மறைவிடம் கட்டிக்கொள்ளும் பகுதியில் தோட்டம் போட்டு, பாதை வளைத்து, பூனைகளைக் கொண்டுவந்து விட்டு, இரண்டு வாரம் அதிலேயே குடியிருந்தாள். எல்லாருடைய அபிப்பிராயமும் சரிதான். இது அவ்வளவு பெரிய ஆட்டம், யானையைத் தடவிய கதையாக ஆளுக்கொரு ஆட்டம் ஆடலாம்.

நான் தடவியது இருட்டை.

ஒளிந்து ஆடும் ஆட்டங்களுக்குப் பொற்காலம் என்று ஒரே ஆண்டைச் சொல்வதானால் 1998ஐத்தான் சொல்ல வேண்டும். தெஞ்சு, மெட்டல் கியர் சாலிட், தீஃப் மூன்றும் அந்த ஓராண்டில் வந்தவை. தீஃப் ஆட்டத்தில் திரையின் அடியில் ஒரு சின்ன மணிக்கல் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்றால் அது ஒளிரும், இருட்டுக்குள் போனால் மங்கும். அந்த ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஆட்டக்காரனின் கண்ணையே மாற்றிவிட்டார்கள். அசாசின்ஸ் கிரீட் வரிசை 2007இல் தொடங்கியது முதல் ஆளைப் புதரில் மறைத்தது, வைக்கோலில் மறைத்தது, கூட்டத்தில் மறைத்தது. இருட்டில் மட்டும் மறைத்ததில்லை. இரவு என்பது அந்த ஆட்டங்களில் வானத்துக்கு அடித்த ஒரு நிறம், அவ்வளவுதான். ஷேடோஸில்தான் முதன்முறையாக இருட்டு ஒரு இடமாக ஆகியிருக்கிறது. அதற்குள் நுழையலாம், அதில் படுக்கலாம், விளக்கை உடைத்து அதை விரிக்கலாம். மழை பெய்தால் காலடி கேட்காது. கீச்சிடும் பலகைத் தரை வரும். அதில் நிமிர்ந்து நடந்தால் அடுத்த அறைக்காரன் திரும்புவான். அப்படிப்பட்ட தரை கியோத்தோவின் நிஜோ கோட்டையில் இன்றும் இருக்கிறது, குயிலோசைத் தரை என்று அதை ரசிக்கப் போகிறார்கள். திருடனுக்கு அது குயிலாகவா கேட்டிருக்கும்?

தெஞ்சுவை நான் 1999இல் ஆடினேன். சித்தியவானில் ஒரு கடையில் மணிக்கு இரண்டு வெள்ளி. பிறகு கூட்டாளி ஒருவனின் பிளேஸ்டேஷனை விடுமுறைக்கு இரவல் வாங்கித் தோட்டத்து லயத்து வீட்டுக்கே கொண்டுவந்தேன். வட்டு நகல் வட்டு. ஜப்பானிய மொழியிலேயே பேசியது. பின்கட்டில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி சத்தம் கேட்டு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது யாருடா பேசறது?" என்றார். விளையாட்டு பாட்டி என்றேன். "நிறுத்து" என்றார். அவருடைய அண்ணனை 1943இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வரவில்லை. லாரி சத்தம் கேட்டால் ஆண்பிள்ளைகள் ரப்பர் மரத் தீம்பாருக்குள் ஓடி, மரத்தோடு மரமாக நிற்பார்களாம். அண்ணன் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாராம். 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர், எலும்புகூட வீடு திரும்பாதவர்கள் அதில் பல்லாயிரம். அதன்பிறகு பாட்டி தூங்கியபின் ஒலியைக் குறைத்து ஆடினேன். இப்போதும் ஷேடோஸை ஜப்பானியப் பேச்சோடுதான் ஆடுகிறேன். அதற்கென்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள், ஜப்பானியர் ஜப்பானிய மொழியிலும் பாதிரியார்கள் போர்த்துகீசிய மொழியிலும் பேசுவார்கள். பாட்டி காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. ஹெட்போன் போடாமல் ஆட இன்னும் மனம் வரவில்லை.

இருட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் அப்பாவிடம் கற்றேன். அவர் பால் வெட்டுக்காரர். ரப்பர் மரத்தில் வெயில் ஏறுவதற்குமுன், மரம் குளிர்ந்திருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். அதனால் விடியுமுன்னே பெரட்டு, பேர் கூப்பிட்டு முடிந்ததும் நிரைக்குப் போக வேண்டும். பள்ளி விடுமுறையில் நானும் பால் மங்கு துடைக்கப் போவேன். அவர் நெற்றியில் விளக்கு, கையில் உளி. ஒரு நாள் ஏதோ காய்ந்த இலையை மிதிக்கும் சத்தம். அப்பா முதலில் செய்தது விளக்கை அணைத்தது. பயத்தில் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "வெளக்கு வச்சிருக்கறவனுக்கு வெளக்கு வரைக்கும்தான் தெரியும். அணைச்சாதான் அதுக்கு அந்தாண்ட தெரியும்" என்றார். கொஞ்ச நேரத்தில் மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின, பிறகு காட்டுப்பன்றியின் முதுகு.

நவோயேயாகத் தரையில் கிடந்தபோது எனக்கு இந்த வாக்கியம் அப்படியே ஆட்ட விதியாகத் திரும்பி வந்தது. தீப்பந்தம் பிடித்துவரும் காவலனுக்குப் பந்தத்தின் வட்டம் மட்டும்தான் உலகம். அவனைக் கடக்க வேகம் வேண்டாம், வட்டத்துக்கு வெளியே இருந்தால் போதும். இதை ஒரு கட்டளையாகத் திரையில் எழுதிக்காட்டாமல் ஒளியை வைத்தே புரியவைத்ததுதான் இந்த ஆட்டத்தின் உச்சமான கைவேலை.

ஒளிந்து போகும் கலைக்கு ஜப்பானைத்தான் தேடிப் போக வேண்டும் என்றும் இல்லை. மதுரைக் காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் நள்ளிரவுத் திருடர்களைப் பாருங்கள்: இருட்டின் நிறத்தில் நீலக் கச்சை, இடுப்பில் சுற்றிய மெல்லிய நூலேணி, மண் தோண்ட உளி, செருப்புக் கால். அவர்களுக்கு எதிரே ஊர்க்காவலர்கள். களவு நூல் கற்றவர்கள், மழை கொட்டும் இரவிலும் தூங்காமல் தெருவில் நடப்பவர்கள். இரண்டு தரப்பும் ஒரே நூலைப் படித்திருக்கிறது. ஷேடோஸ் செய்தவர்கள் நவோயேயின் இடுப்பில் கொக்கிக் கயிறு கட்டினார்கள், நம் ஆள் நூலேணி கட்டியிருந்தார். சிலப்பதிகாரத்தில் இன்னும் நுட்பம். கோவலனைக் கொல்ல வந்த காவலர்களிடம் பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையான எட்டைப் பட்டியலிடுகிறான். இடமும் காலமும் கருவியும் அதில் அடக்கம். அப்போது ஓர் இளங்காவலன் சொல்கிறான்: மாரிக்கால நடுநிசி, நீல உடையில் உளியோடு ஒருவன் வந்தான், நான் வாளை உருவினேன், அதை அவன் பிடுங்கிக்கொண்டான், பிறகு எந்தப் பக்கம் தேடியும் காணவில்லை என்று. எனக்குத் தெரிந்து ஆட்டத்தில் ஏமாந்த காவலன் தன் தரப்பைச் சொல்லும் இடம் அது ஒன்றுதான். அந்தப் பேச்சை அடுத்துத்தான் ஒரு நிரபராதி வெட்டுப்படுகிறான் என்பது வேறு கதை.

இருட்டில் ஒளிந்து நுழைந்த கதை நம் பக்கத்திலேயேகூட இருக்கிறது. என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் செகாரிக் கடற்கரை. 1943 மே 24ஆம் தேதி இரவு அங்கே தஞ்சோங் ஹந்துவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஜான் டேவிஸ் என்ற ஆங்கிலேயரும் சீன உளவாளிகள் சிலரும் மடக்குப் படகுகளில் கரையேறினார்கள். ஜப்பானியரை எதிர்த்த போர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையின் ஆட்கள். அவர்களுக்குக் காட்டு வழியில் தொடர்பாளாக இருந்தவர் சித்தியவானில் பிறந்த சின் பெங். அப்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. பின்னால் அதே அணியில் வந்த லிம் போ செங் பிடிபட்டு, 1944 ஜூனில் பத்து காஜா சிறையில் இறந்தார். ஆட்டத்தில் பிடிபட்டால் முந்தைய சேமிப்பிலிருந்து தொடங்குவோம்.

இனிக் குறை. ஒளிந்து போகும் ஆட்டத்தின் மேல் பாத்திர வளர்ச்சிக் கணக்கை ஏற்றியதில் ஒரு பிசகு. நாற்பது நிமிடம் ஊர்ந்து, உத்தரத்தில் தொங்கி, சாமுராயின் முதுகுக்குப் பின்னால் இறங்கி, மறைகத்தியைக் கழுத்தில் பாய்ச்சினால், அவன் உங்களைவிட இரண்டு படிநிலை மேலே இருக்கிறான் என்பதற்காகச் சாகாமல் எழுந்து நிற்கிறான்! கத்திக்கு எண்கணிதம் தெரியுமா? நல்லவேளை, உறுதிக் கொலை என்றொரு அமைப்பை வைத்திருக்கிறார்கள். அதை இயக்கினால் எத்தனை பெரிய ஆளும் ஒரே குத்தில் விழுவான். அதை இயக்காமல் இந்த ஆட்டத்தைத் திட்டுகிறவர்களுக்கு என் அனுதாபம் பாதிதான்.

யாசுகேயையும் சொல்லிவிட வேண்டும். அவரை நான் முதலில் வேண்டாதவராகத்தான் பார்த்தேன். உயரத்திலிருந்து வைக்கோலில் குதிக்கச் சொன்னால் அந்தச் சிறகு விரிப்பு இல்லை, மூட்டை விழுகிற மாதிரி விழுவார். கூரை ஏறத் திணறுவார். அக்கா மகன் அவரை வைத்து ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் நடந்து வந்தாலே காவலர்கள் பின்வாங்குகிறார்கள். மரக்கதவு தோளால் உடைகிறது. ஒளியில் நிற்பதற்கென்றே செய்த உடம்பு. அவர் அந்தப் பக்கம் இருப்பதால்தான் இந்தப் பக்கத்து இருட்டுக்கு எடை வருகிறது.

பருவம் மாறும்போது எல்லாப் பாடமும் கலைந்துபோவது இன்னொரு அழகு. கோடையில் ஆளை மறைத்த புதர் பனியில் எலும்பாக நிற்கும். மூங்கில் குழலால் மூச்சுவிட்டுக்கொண்டு மூழ்கிக் கிடந்த குளம் உறைந்து கண்ணாடியாகிவிடும். குளிருக்குப் பயந்து காவலர்கள் நெருப்பை ஒட்டி நிற்பார்கள். பனியே பார்க்காத ஊர்க்காரன் நான், ஆனாலும் நான்கு பருவத்திலும் குளிர்காலம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அது மிகவும் கஷ்டம்.

ஆட நினைப்பவர்களுக்கு மூன்று சொல். உறுதிக் கொலையை இயக்குங்கள். பேச்சு ஜப்பானிய மொழியில் இருக்கட்டும். மூன்றாவது, உங்கள் அறை விளக்கை அணைத்துவிடுங்கள்; அதற்கு ஸ்விட்ச் இருக்கிறது, பதினொரு நிமிடம் ஆகாது. அக்கா மகன் யாசுகேயோடு எப்போதோ கதையை முடித்துவிட்டான். நான் இன்னும் முடிக்கவில்லை. போன சனிக்கிழமைதான் ஹிமேஜிக் கோட்டையின் உச்சிமாடிவரை ஒருவர் கண்ணிலும் படாமல் ஏறினேன். பெட்டியைத் திறக்க மறந்துவிட்டேன்.