பைண்டு செய்த மர்மம்

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ எனக்கு முதலில் கிடைத்தது பெரியம்மா வீட்டு அலமாரியில். குமுதத்தில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து காலிகோ பைண்டிங் போட்டிருந்தார். சில பக்கங்களின் பின்புறம் தைல விளம்பரம். ஓரிடத்தில் யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிப் பத்தி மட்டும் தொங்கும்.

திகிலையும் துப்பறிதலையும் வாரத் தொடராகவே படித்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் திகிலை வளர்த்தது, துப்பைக் கெடுத்தது என்பது என் எண்ணம்.

பயம் ஊற நாளாகும். அந்த நாவலில் லீனா என்ற பெண்ணைச் சுற்றி நடப்பதெல்லாம் ஆவியின் வேலையோ என்று உதவி வக்கீல் வசந்த் தடுமாறுகிறான்; வக்கீல் கணேஷ் ஹோலோகிராம் போன்ற விஞ்ஞானத்தில் விளக்கம் தேடுகிறான். ‘தொடரும்’ என்று போட்டதும் அந்த வழக்கு வீட்டுக்குள் வந்துவிடும். பெரியம்மா பேய்க் கட்சி, பெரியப்பா ஹோலோகிராம் கட்சி. ஏழு நாளும் கொல்லைப்பக்கம் போகத் துணை தேடுவார்களாம். புத்தகமாக ஒரே மூச்சில் படிப்பவருக்கு இந்த ஏழு நாள் கிடையாது.

துப்பின் கதை வேறு. அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட ரோஜர் அக்ராய்டு கொலை நாவலில், கதை சொல்பவர் ஒரு பத்து நிமிடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார். முடிவு தெரிந்ததும் கை தானாக அந்தப் பக்கத்தைத் தேடும். பொய்யே சொல்லாத வாக்கியம் அங்கே அப்படியே இருக்கும். எனக்கு மர்மக் கதையின் ருசியே இப்படித் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்தான். வாரத் தொடரில் அதற்கு வழி ஏது? நாலாவது வாரம் போட்ட துப்பை முப்பதாவது வாரம் சரிபார்க்கலாமென்றால் இதழ் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். எழுதுபவருக்கும் இது தெரியும். துப்பே வைக்காமல், கடைசி வாரத்தில் யாரையோ இழுத்துவந்து குற்றவாளியாக நிறுத்திய தொடர்கள் எத்தனை! வாரக்கணக்கில் காத்திருந்தவருக்குச் செய்யும் துரோகம் அது.

மாத நாவல் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. ராஜேஷ்குமார் இரண்டு கதைகளை மாற்றி மாற்றி ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடுவார்; ஒரே ரயில் பயணத்தில் படித்தால்தான் அந்த உத்தி எடுபடும். முடிச்சு நிற்கும், பயம் ரயிலோடு போய்விடும்.

பயமும் துப்பும் சேர்ந்தே இருப்பதால்தான் பெரியம்மாவின் அந்த பைண்டிங்கை இப்போதும் வைத்திருக்கிறேன். வாரம் வாரமாகப் பயந்து படித்த பெரியம்மா, தைத்தபின் மறுபடி உட்கார்ந்து படித்திருக்கிறார். புதிரான வரிகளின் ஓரத்தில் பென்சிலில் ஓர் எண்: விளக்கம் எந்த அத்தியாயத்தில் வருகிறதோ அது. மூன்று இடங்களில் மட்டும் எண் இல்லை. கேள்விக்குறி போட்டு, அதை அழுத்தமாக வட்டமிட்டிருக்கிறார்.