பீங்கானில் சுற்றிய வெயில்

மங்கலம்பேட்டையில் ஹீட்டருக்கு வேலை மார்கழி, தை விடியலில் மட்டும்தான். அதுவும் அம்மாவின் முழங்காலுக்காக. போர்வை நுனி எட்டாத தூரத்தில் வைத்து சுவிட்சைத் தட்டினால், முதலில் போன வருஷத்துத் தூசி கருகும் வாசனை. பிறகு நிக்ரோம் சுருள் மங்கலாகச் சிவந்து, ஆரஞ்சாகக் கனியும்.

எனக்குப் பிடித்தது அந்தச் சுருளைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் தண்டு. கம்பி பல நூறு டிகிரியில் கனன்றாலும் அது உருகாது, மின்சாரத்தையும் கசியவிடாது. பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்கெனவே வெந்து வந்த மண் அல்லவா!

1000 வாட் ஹீட்டர் மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும். அரை மணியில் அணைத்துவிடுவோம். அணைத்த பிறகும் பீங்கானில் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். அதுவரை அம்மா நகரமாட்டாள்.